கண்ணுக்குத் தெரிந்தவரை

தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக அந்த அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. எப்போதாவது சொல்லியிருந்தால் எனக்கு வேலை எவ்வளவோ குறைந்திருக்கும்.

ஏனென்றால் அவர் சொன்னதைக் கம்ப்யூட்டரில் அடித்து ஏற்றுவது என் வேலை. அவர் நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பார். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு மேலே போவேன். ஒரு தம்ளர் டீ வரும். நோட்டு வரும். அடிப்பேன்.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. மாடி வீட்டின் மேல் போர்ஷனில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும். பெரியவள் ஐந்தாவது, சின்னவன் யுகேஜி. அதே காம்பவுண்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில் நாங்கள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார்கள், உள்ளே உட்கார்ந்ததில்லை. அவர்கள் பெண்ணான நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளியை முடித்து வெளியே வந்த முதல் ஆள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை.

அக்காவின் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பதற்காகக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, இன்றைக்கு என்ன செய்தாய் என்று அவர் கேட்டதற்கு, கொடியில் துணி எடுக்கப் போனேன், வெள்ளி தெரிந்தது, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், பால் பொங்கிவிட்டது என்று அக்கா சொல்லியிருக்கிறார். இதையே எழுதேன், நான் ரூமில் படிப்பேன் என்றாராம். அப்படித்தான் அந்த வலைப்பதிவு ஆரம்பித்தது. அதற்குப் பெயர் கொடிக்கயிறு. நான் இன்னும் கொஞ்சம் எடுப்பான பெயர்கள் பத்து சொல்லிப் பார்த்தேன். "வானத்த எங்கேர்ந்து பாக்கறேனோ அதுதானே பேரு" என்றுவிட்டார்.

உண்மையும் அதுதான். துணி காயப்போடக் காலையில் ஒரு தடவை, எடுக்கச் சாயங்காலம் ஒரு தடவை. அவர் வானம் பார்த்ததெல்லாம் அந்த இரண்டு வேளையில்தான். தோளில் துண்டும் பாவாடையும் பள்ளிச் சீருடையும் மலைபோல் கிடக்க, ஒரு கையை நீட்டி விரலை மடக்கி மடக்கி அளப்பார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கிலிருந்து நான்கு விரல் மேலே வியாழன். வேப்பமரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வெள்ளி. கரண்ட் போனால் தெருவே திட்டும், அக்கா மட்டும் படியேறி ஓடுவார். பதிவில் அது அப்படியே வரும். வியாழனும் வரும், சின்னவன் மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்டதும் வரும், தண்ணீர் லாரி மேடவாக்கம் பக்கமே சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் வரும்.

முதல் மாதமே எனக்கும் அவருக்கும் சண்டை. நோட்டில் 'செவ்வாய் தெரியல' என்று எழுதியிருந்தார். எழுத்துத் தமிழில் கொண்டுவருவது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டிருந்தேன். 'செவ்வாய் எதுவென்று தெரியவில்லை' என்று திருத்தி ஏற்றினேன். மறுநாள் யாரோ ஒரு நல்ல மனிதர், செவ்வாயை எப்படி அடையாளம் காண்பது என்று அக்காவுக்குப் பத்து வரியில் பாடம் எடுத்திருந்தார்.

அக்கா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"செவ்வா எதுன்னு எனக்குத் தெரியும். நேத்து கண்ணுக்குத்தான் தெரியல. ரெண்டும் ஒண்ணா?"

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே அக்கா, நான் என்ன செய்வது என்று கேட்டேன். நான் படித்தவள் என்ற தோரணை அதில் கொஞ்சம் இருந்திருக்கும்.

"அப்போ கண்ணுக்குன்னு சேத்துப் போடு. ஒரு வார்த்த கூட அடிச்சா வெரலு தேயாது."

அன்றிலிருந்து எங்கள் பதிவில் 'கண்ணுக்குத் தெரிந்தது', 'கண்ணுக்குத் தெரியவில்லை' என்று மட்டும்தான் இருக்கும். படிக்கிறவர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள், அப்புறம் அவர்களும் அப்படியே பின்னூட்டம் போட ஆரம்பித்தார்கள்.

ஒரு வருஷம் விடியற்காலையில் எரிகல் மழை வரும், நூற்றுக்கணக்கில் பார்க்கலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அக்கா நான்கு மணிக்கு எழுந்து, பாயை விரித்து, பிள்ளைகளோடு என்னையும் படுக்கவைத்தார். குளிர். தாம்பரத்திலிருந்து முதல் ரயில் போகும் சத்தம். விடியும்வரை அவர் எண்ணினார். மற்ற வீட்டு மாடிகளில் பார்த்தவர்கள் இருபது என்றார்கள், ஐம்பது என்றார்கள். அக்காவின் பதிவில் 'ஒன்றரை' என்று வந்தது. ஒன்று நிச்சயம். இன்னொன்று விமானமாகவும் இருக்கலாம், அதனால் அரை. ரொம்ப நாளைக்கு அவரை ஒன்றரை அக்கா என்றே வாசகர்கள் கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை.

வருத்தப்பட்டது என் அம்மாதான், அதுவும் வேறு விஷயத்தில். நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு வீட்டார் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். வந்த அம்மாள் கெட்டிக்காரர். எங்களிடம் விசாரிப்பதற்கு முன்னால் மாடிக்குப் போய் அக்காவிடம் விசாரித்தார். பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். நான் பார்த்ததில்லை என்றிருக்கிறார் அக்கா. பெரியவர்களுக்கு அடங்கி நடக்குமா என்று கேட்டதற்கு, அதையும் பார்த்ததில்லை என்றிருக்கிறார். அந்த அம்மாள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"இன்னாடி இது. சும்மானாச்சும் நாலு நல்ல வார்த்த சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சி பூட்டாங்க? உன்ன டெய்லி பாத்துகினு தானே கீது அந்தம்மா?" என்று அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

நான் போய்க் கேட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டே, தான் பார்த்ததையும் சொன்னதாகச் சொன்னார். தமிழைத் தப்பில்லாமல் அடிக்கும், திருத்தினால் கோபம் வரும், ஆனாலும் திருத்தும். இவ்வளவும் சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சம்பந்தம் போனதால்தான் நான் மூன்றாம் வருஷத்தை முடித்தேன். அம்மா மட்டும் நோன்பு மாதம் பிறந்து, அக்கா வீட்டுக் கஞ்சி தூக்குப் பாத்திரத்தில் கீழே இறங்கி வரும்வரை அவரோடு பேசவில்லை. கஞ்சி வந்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த நோன்பு மாதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், லீவில் வந்திருந்தார். ஆறு வருஷத்தில் ஒரு பெருநாளைக்கும் அவர் வீட்டில் இருந்ததில்லை. சின்னவன் பிறந்தபிறகு ஒன்றுகூட இல்லை. இந்த முறையும் கம்பெனி போட்டுக் கொடுத்த டிக்கெட் நோன்பு தொடங்கி முப்பதாம் நாள் ராத்திரிக்கு. இருபத்தொன்பதாவது நோன்பு முடிந்த சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். காலையில் தொழுதுவிட்டு, பிள்ளைகளோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். தெரியாவிட்டால் முப்பது நோன்பு, அதற்கு அடுத்த நாள் பெருநாள். அவர் அதற்குள் போயிருப்பார். அவர் வேலை பார்க்கும் ஊரில் ஒரு நாள் முன்னாலேயே மாதம் பிறந்திருந்தது. அங்கே போய் இறங்கும்போது அங்கேயும் பெருநாள் தொழுகை முடிந்திருக்கும். இங்கேயும் கிடையாது, அங்கேயும் கிடையாது.

இதெல்லாம் சின்னவனுக்குப் புரியாது. அத்தா பெருநாளைக்கு இருப்பாங்களா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். அக்கா ஒவ்வொரு தடவையும் தெரியல என்று சொன்னார். அவன் முகம் வாடினாலும் வேறு பதில் சொல்லவில்லை. மட்டனுக்குச் சொல்லி வைத்திருந்தார். அரிசி ஊறவைக்கலாமா வேண்டாமா என்று பாத்திரத்தை எடுத்து, திரும்ப வைத்தார்.

ஐப்பசி மழைக்காலம். மத்தியானம் ஒரு தூறல். சாயங்காலம் நோன்பு திறந்த கையோடு எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டோம். அண்ணன் கையில் கஞ்சித் தம்ளரோடேயே வந்தார். மேற்கே முடிச்சூர் பக்கம் மேகம் சாம்பல் நிறத்தில் அடைத்திருந்தது. டேங்குக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் ஒரு சந்து மாதிரி திறந்து, மஞ்சளாக வெளிச்சம். அண்ணன் இந்த முறை வாங்கி வந்திருந்த பைனாகுலரை அக்கா எடுத்துக்கொண்டார். பெரியவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது தெருவில் பள்ளிவாசல் கமிட்டிப் பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, மேலே பார்த்து, "ஏம்மா, பிறை தெரிஞ்சுதா?" என்று கேட்டார். அக்கா மாதாமாதம் பிறை குறித்து வைப்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அக்கா ஒருவர் சொல்லி மட்டும் பெருநாள் வந்துவிடாது. நாலு இடத்திலிருந்து வரும் தகவலை விசாரித்துத்தான் அறிவிப்பார்கள். ஆனால் அந்தத் தகவலில் ஒன்று எங்கள் மாடியிலிருந்து போகலாம்.

அந்தச் சந்தில் வெள்ளையாக ஒரு கீற்று இருந்தது. இருந்த மாதிரி இருந்தது. நான் கையை நீட்டிவிட்டேன்.

"அக்கா, அதோ."

சின்னவன் குதித்தான். அண்ணன் தம்ளரைச் சுவரில் வைத்துவிட்டு எங்கே எங்கே என்று என் விரலுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு என் காதில் கேட்டது. கீழே பெரியவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். வேறு மதத்தவளான நான் சொல்வது அவர்கள் கணக்கில் வராது என்று எனக்குத் தெரியும். நான் காட்டிய இடத்தில் அக்கா பார்த்துவிட்டால் போதும்.

அக்கா பார்த்தார். பைனாகுலரை இறக்கி, வெறும் கண்ணால் பார்த்தார். திரும்பவும் ஏற்றிப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை. மேகம் நகர்ந்தது. கீற்றும் அதோடு நகர்ந்தது.

"எனக்குத் தெரியலங்க" என்று கீழே பார்த்துச் சொன்னார்.

அந்தப் பொண்ணு பார்த்தேன் என்கிறதே என்றார் பெரியவர். அக்கா என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. செவ்வாய்க்காகச் சண்டை போட்டபோது இருந்த கோபம்கூட இல்லை.

"உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா, இல்ல தெரியணும்னு இருந்துச்சா?"

பெரியவள் என் கையை விடவில்லை. நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன்.

"தெரியணும்னு இருந்துச்சுக்கா."

பெரியவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கேயும் யாரும் பார்க்கவில்லை, நாளை முப்பதாவது நோன்பு என்று.

அன்றைய பதிவை அடிக்கும்போது அண்ணன் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. நீ சொல்லியிருந்தால் மட்டும் மாறியிருக்காது, ஆனாலும் சொல்லியிருக்கலாம், புள்ளைங்களுக்காக என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

"சொல்லிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சோட உங்களுக்குப் பரிமாறுவேன்?" என்றார் அக்கா.

பிறகு எனக்குச் சொன்னார், நான் அடித்தேன். பிறை கண்ணுக்குத் தெரியவில்லை. மேற்கே மேகம். மாடியில் ஒருத்தி தெரிந்தது என்றாள், பிறகு இல்லை என்றாள். அந்த வரி வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டத் தெரியாத வீட்டிலிருந்து வந்து, அடிக்கத் தெரிந்தவள் என்று பெயர் வாங்கி, கடைசியில் என் பொய்யை நானே அடிக்கிறேன். அடித்தேன். தப்பில்லாமல்தான் அடித்தேன். யார் அந்த ஒருத்தி என்று மறுநாள் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அன்றைக்குப் பதில் போடவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ப்ரோகிராம் எழுதியவர்கள் சரியாக இருக்கிறது என்று சொல்வதை நம்பாமல், நான் பார்த்தபோது என்ன நடந்தது என்று மட்டும் எழுதுவது என் தொழில். என் ரிப்போர்ட்டை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அந்த ஒரு வரியை அடித்த கைக்கு மற்றதெல்லாம் சுலபம்.

மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு அண்ணன் தன் தம்பியோடு வேனில் கிளம்பினார். அக்கா ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார். நோன்பு திறக்கும் நேரம் அவர் விமான நிலைய வாசலில் இருப்பார். அக்கா எப்போதும் வீட்டு வாசலோடு சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனபிறகு ஆள் தெரிய மாட்டார், கும்பல்தான் தெரியும், அதைப் பார்க்க எதற்குப் போக வேண்டும் என்பார். அண்ணன் பிள்ளைகளை முத்தமிட்டுவிட்டு, அக்காவிடம் வரேன் என்று மட்டும் சொன்னார். முந்தின நாள் மிச்சம் இன்னும் அவர் முகத்தில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். வேன் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குத் திரும்பும்வரை நின்றுவிட்டு, அரிசியை ஊறப்போட்டார்.

அன்றைக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆறு மணி தாண்டி மாடிக்குப் போனோம். தேடவே வேண்டியிருக்கவில்லை. டேங்குக்கு மேலே பளிச்சென்று நின்றது. பிள்ளைகள் இரண்டும் கத்தின. கீழே தெருவில் வெடிச் சத்தம். அக்கா பைனாகுலரை எடுக்கவில்லை. விரலை மட்டும் மடக்கி அளந்தார்.

செல்போன் அடித்தது. அண்ணன். அவர் பேசுவது எனக்கும் கேட்டது. உள்ளே போவதற்கு முன்னால் கூப்பிடுவதாகச் சொன்னார். நோன்பு திறந்துவிட்டாராம்.

"பிறை தெரியுதா?" என்று கேட்டார் அக்கா.

"தெரியுது, தெரியுது. நல்லாத் தெரியுது."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஒரே பிறையை இரண்டு பேரும் பார்க்கிறார்கள். இது போதும், நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். அக்கா போனைக் காதில் வைத்தபடி ஒரு கணம் யோசித்தார்.

"கொம்பு எந்தப் பக்கம் பாக்குது?"

அந்தப் பக்கம் ட்ராலி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"தெரியலம்மா. இங்க பெரிய கூரை ஒண்ணு மறைக்குது."

"கண்ணுக்குத் தெரியணும்னு இருந்துச்சா?"

"ம்."

அக்கா சிரித்தார். சத்தமில்லாமல்தான். ஆனால் முந்தின நாளிலிருந்து அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியதைப் பக்கத்தில் நின்று நான் பார்த்தேன். அது நிச்சயம், அரை இல்லை.

"சரி, நான் பாத்துச் சொல்றேன், கேட்டுக்குங்க" என்றார்.

சொன்னார். டேங்குக்கு மேலே நான்கு விரல். கண்ணாடி வளையல் உடைந்தால் கிடக்குமே, அந்த மாதிரி ஒரு துண்டு. கொம்பு இரண்டும் இடது பக்கமாக மேலே பார்க்கின்றன. உள்வட்டம் லேசாகச் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. கீழே ஒரு மேகத்துண்டு, தொடவில்லை. சின்னவன் டேங்கை மறைத்துக்கொண்டு ஆடுகிறான். பெரியவள் உங்கள் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து, இன்னும் உள்ளே வைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறை டேங்குக்கு மூன்று விரலாக இறங்கியபோது அக்கா அதையும் சொன்னார். யாரோ அண்ணனை உள்ளே கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு நோட்டு இல்லை. நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்று சொன்னார், நான் அடித்தேன். கடைசி வரியில் எல்லோருக்கும் தெரிந்தது என்று போடட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். அவர் சொன்னதில் திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அப்படியே ஏற்றினேன்.

'பெருநாள் பிறை. ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.'